கூடப் போனவர்கள்

2007 மார்ச் மாதம் ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்ட் மாகாணத்தில் மூன்று பேரைத் தாலிபான்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒருவர் இத்தாலியின் லா ரெபுப்ளிகா நாளிதழ் நிருபர் டானியேலே மாஸ்ட்ரோஜாகொமோ. இன்னொருவர் அவருக்கு மொழிபெயர்க்கவும் வழிகாட்டவும் கூட வந்த ஆப்கான் பத்திரிகையாளர் அஜ்மல் நக்ஷ்பந்தி. மூன்றாமவர் வண்டி ஓட்டிய சையத் ஆகா. தாலிபான் தளபதி முல்லா தாதுல்லாவின் பேட்டி கிடைக்கும் என்று நம்பிக் கிளம்பிய பயணம் அது.

முதலில் செத்தவர் ஓட்டுநர். பிரிட்டிஷ் படைக்கு உளவு சொன்னவர் என்று குற்றம் சாட்டி, மற்ற இருவரின் கண்ணெதிரிலேயே அவர் கழுத்தை அறுத்தார்கள். மார்ச் 19ஆம் தேதி இத்தாலியர் விடுதலையானார். அவருக்கு ஈடாக ஐந்து தாலிபான் கைதிகளைக் காபூல் அரசு வெளியே விட்டது. அவர்களில் ஒருவர் தாதுல்லாவின் சகோதரர் மன்சூர். அஜ்மலும் வந்துவிட்டார் என்றுதான் முதலில் செய்தி பரவியது. அவர் வரவில்லை. அவரை விட வேண்டுமானால் இன்னும் சில கைதிகளைத் தர வேண்டும் என்றார்கள். இத்தாலியருக்காகச் செய்தது ஒரே ஒரு முறைக்கான விதிவிலக்கு, இனி அப்படிச் செய்ய முடியாது என்று அதிபர் கர்சாய் சொல்லிவிட்டார். காபூல் பத்திரிகையாளர்கள் கெஞ்சிப் பார்த்தார்கள், கூட்டம் கூடிக் கோஷம் போட்டார்கள். ஏப்ரல் 8ஆம் தேதி அஜ்மலையும் கொன்றுவிட்டார்கள். இருபதுகளின் நடுவில் இருந்த இளைஞர்.

ஒரே வண்டியில், ஒரே வேலைக்காகப் போன மூன்று பேருக்கு மூன்று முடிவு. பிணைக்கைதியாகப் பிடிபட்ட போர்ச் செய்தியாளர்களைப் பற்றி எங்கே படித்தாலும் என் மனம் இந்த மூன்று பேரிடம்தான் போய் நிற்கிறது. வெளிநாட்டு நிருபரின் துயரத்தைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. மாஸ்ட்ரோஜாகொமோ பார்த்ததை ஒரு மனிதன் பார்க்கவே கூடாது. ஆனால் இந்தக் கதைகளை நாம் எப்போதும் ஒரு பெயரை வைத்தே நினைவில் வைத்துக்கொள்கிறோம். கூடப் போனவர்கள் “மொழிபெயர்ப்பாளர்”, “ஓட்டுநர்” என்று ஒரு வரியில் வந்து ஒரு வரியில் முடிந்துபோகிறார்கள்.

இந்த உள்ளூர் உதவியாளர்களைச் செய்தித் தொழிலில் பிக்ஸர் என்பார்கள். வெளியூரிலிருந்து வரும் நிருபருக்கு வண்டி பிடித்துத் தருவது, எந்தச் சாலையில் போகலாம், எதில் போகக் கூடாது என்று விசாரிப்பது, பேட்டிக்கு ஆள் தேடுவது, சொல்வதை மொழிபெயர்ப்பது, யார் பொய் சொல்கிறார் என்று காதோடு சொல்வது, நேரமாகிவிட்டது கிளம்பலாம் என்று எச்சரிப்பது, எல்லாம் இவர்கள் வேலை. இதற்கு நாள் கணக்கில் சம்பளம். செய்தியில் பெயர் வந்தால் வரும், பெரும்பாலும் வராது.

இந்த வேலையின் சாயலை நான் கொஞ்சம் அறிவேன். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் வந்த வெளிநாட்டு நிருபர்களோடு மொழிபெயர்ப்பாளனாகச் சில நாள் சுற்றியிருக்கிறேன். அங்கே போர் இல்லை, துப்பாக்கி இல்லை, யாரும் என்னைக் கடத்தப் போவதில்லை. அக்கரைப்பேட்டையில் ஒரு அம்மா, பிள்ளையைப் பறிகொடுத்தவர், இடிந்த சுவரோரம் உட்கார்ந்திருந்தார். நிருபர் கேள்வி கேட்டார், நான் தமிழில் சொன்னேன். அந்த அம்மா நிருபரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “ஏன் தம்பி, நீ நம்ம பக்கத்துப் புள்ளதான? இவுகளக் கூட்டியாந்து இத எதுக்குக் காட்டுற?” என்று என்னைத்தான் கேட்டார். வெளியூர்க்காரர் எப்படியும் கிளம்பிவிடுவார், அவரிடம் கோபித்து என்ன ஆகப்போகிறது. கூட்டிக்கொண்டு வந்தவன்தான் பதில் சொல்ல வேண்டும். அமைதியான ஊரிலேயே அப்படி. அதே இடத்தில் துப்பாக்கியோடு நிற்கிறவன் அதே கேள்வியைக் கேட்டால் அதற்குப் பெயர் விசாரணை, துரோகி என்பது தீர்ப்பு. சையத் ஆகாவுக்கு நடந்தது அதுதான்.

கடத்துகிறவர்களின் கணக்கு கொடூரமானது, ஆனால் குழப்பமே இல்லாதது. வெளிநாட்டவர் என்றால் பின்னால் ஒரு அரசு இருக்கிறது, பெரிய பத்திரிகை இருக்கிறது, தொலைக்காட்சியில் அழும் குடும்பம் இருக்கிறது. பணம் வரும், கைதிகள் வருவார்கள். உள்ளூர் ஆளுக்குப் பின்னால் அப்படி யாரும் இல்லை. அவர் அரசே அவருக்காகப் பேரம் பேசுவதில்லை. அதனால் பேரத்தைச் சூடாக்க, நாங்கள் சொன்னால் செய்வோம் என்று காட்ட, முதலில் எடுக்கும் உயிர் அவருடையது. அதில் ஊருக்கும் ஒரு செய்தி இருக்கிறது: அந்நியரோடு வேலை செய்தால் இதுதான் கதி.

வெளிநாட்டவர்களுக்குள்ளேயும் தரம் பிரிப்பது உண்டு. சிரியாவில் ஐஎஸ் அமைப்பு ஒரே சிறையில் பல நாட்டுச் செய்தியாளர்களை அடைத்து வைத்திருந்தது. 2014 மார்ச், ஏப்ரலில் ஸ்பெயின் நாட்டு நிருபர்களும் பிரான்ஸ் நாட்டு நிருபர்களும் வெளியே வந்தார்கள். பணம் கொடுத்து மீட்பதில்லை என்ற கொள்கை கொண்ட அமெரிக்காவின் ஜேம்ஸ் ஃபோலி அந்த ஆகஸ்ட்டில் கொல்லப்பட்டார், அடுத்த மாதம் ஸ்டீவன் சாட்லாஃப். கடவுச்சீட்டைப் பார்த்து உயிருக்கு விலை போட்டார்கள். ஆனாலும் ஃபோலியின் மரணத்துக்குப் பிறகு வாஷிங்டன் சும்மா இருக்க முடியவில்லை. பிள்ளையை மீட்கப் பணம் திரட்டும் குடும்பங்கள் மீது வழக்குப் போடமாட்டோம் என்று 2015இல் ஒபாமா அரசு அறிவித்தது, பிணைக்கைதிகள் விவகாரத்துக்கென்று தனித் தூதரை நியமித்தது. ஃபோலியின் தாய் விடாமல் போராடியதற்கு இதில் பெரிய பங்கு உண்டு. அஜ்மலின் தாய் எந்தக் கதவைத் தட்டியிருக்க முடியும் என்று நான் யோசிக்கிறேன்.

அஜ்மல் செத்து இரண்டரை ஆண்டுக்குள் வட ஆப்கானிஸ்தானின் குண்டூஸில் இன்னொன்று நடந்தது. அதை நான் பலமுறை படித்திருக்கிறேன், இன்றைக்கும் நெஞ்சு பதறுகிறது.

2009 செப்டம்பர் 4 அதிகாலை. தாலிபான்கள் கடத்தி வந்த இரண்டு எரிபொருள் டேங்கர் லாரிகள் குண்டூஸ் ஆற்று மணலில் சிக்கி நின்றன. சும்மா கிடைக்கிற எரிபொருளைப் பிடித்துக்கொண்டு போக அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் கூடிவிட்டார்கள். ஜெர்மன் படையின் கர்னல் ஒருவர் உத்தரவிட, அமெரிக்க விமானங்கள் அந்த லாரிகள் மேல் குண்டு போட்டன. செத்தவர்கள் தொண்ணூறுக்கும் மேல், அதில் பொதுமக்கள் ஏராளம். யார் செத்தார்கள், எத்தனை பேர் ஊர்க்காரர்கள் என்று நேரில் போய் விசாரிக்க நியூயார்க் டைம்ஸின் பிரிட்டிஷ் நிருபர் ஸ்டீபன் ஃபாரல் மறுநாள் ஆற்றங்கரைக்குப் போனார். கூடப் போனவர் சுல்தான் முனாதி.

முனாதி அந்தப் பத்திரிகையோடு பல ஆண்டு வேலை செய்தவர். அப்போது ஜெர்மனியில் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்தார், விடுமுறைக்கு ஊர் வந்த இடத்தில் இந்த வேலை. சில நாட்களுக்கு முன்புதான் அதே பத்திரிகையின் இணையதளத்தில் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். ஜெர்மனியிலேயே தங்கிவிடலாமே என்று எல்லாரும் சொல்கிறார்கள், நான் நாட்டை விட்டுப் போகமாட்டேன், படிப்பை முடித்துவிட்டு வந்து இங்கேதான் வேலை செய்வேன் என்பது அதன் சாரம். இரண்டு சின்னப் பிள்ளைகள் அவருக்கு.

ஆற்றங்கரையில் பேசிக்கொண்டிருக்கும்போதே தாலிபான்கள் வந்துவிட்டார்கள். ஓட்டுநர் தப்பித்து ஓடிவிட்டார். இவர்கள் இருவரும் மாட்டிக்கொண்டார்கள். அடுத்த நாட்களில் வீடு வீடாக மாற்றினார்கள். ஃபாரலுக்கு இது புதிதில்லை, 2004இல் இராக்கிலும் கடத்தப்பட்டு மீண்டவர். முனாதிக்கு அஜ்மலின் கதை தெரியும். காபூலில் செய்தித் தொழிலில் இருந்த யாருக்கும் அது தெரியாமல் இருந்திருக்க முடியாது. தன் தலைக்கு என்ன விலை என்று தெரிந்தே அவர் அந்த வீடுகளில் உட்கார்ந்திருந்தார்.

செப்டம்பர் 9 விடிவதற்குள் பிரிட்டிஷ் கமாண்டோக்கள் ஹெலிகாப்டரில் வந்து இறங்கினார்கள். காவலுக்கு நின்றவர்கள் சிதறி ஓடினார்கள். ஃபாரலும் முனாதியும் வீட்டை விட்டு வெளியே வந்து சுவரோரமாக நகர்ந்தார்கள். முனாதி முன்னால், ஃபாரல் பின்னால். சுவரின் முனைக்கு வந்ததும் முனாதி கையைத் தூக்கிக்கொண்டு, தான் பத்திரிகையாளன் என்று கத்திக்கொண்டே வெளியே அடி எடுத்து வைத்தார். குண்டு பாய்ந்து அங்கேயே விழுந்தார். யார் சுட்ட குண்டு என்று அந்த இருட்டில் ஃபாரலுக்குத் தெரியவில்லை. அவர் பள்ளத்தில் விழுந்து கிடந்தார். பிரிட்டிஷ் குரல்கள் கேட்டதும், தான் பிரிட்டிஷ் பிணைக்கைதி என்று கத்தினார். வா என்றார்கள். போனார், பிழைத்தார். பிரிட்டிஷ் சிப்பாய் ஒருவரும் அந்த இரவில் உயிரிழந்தார். அந்த வீட்டுப் பெண் ஒருவரும் செத்தார்.

கமாண்டோக்கள் தங்கள் சிப்பாயின் உடலையும் ஃபாரலையும் எடுத்துக்கொண்டு பறந்துவிட்டார்கள். முனாதியின் உடல் அங்கேயே கிடந்தது. அவருடைய வீட்டார்தான் போய் எடுத்துக்கொண்டு வந்து அடக்கம் செய்தார்கள்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பொறுக்கவில்லை. இரவு நேரத்துச் சண்டையில் தாடியும் சல்வார் கமீஸுமாக ஒருவர் சுவர் முனையில் திடீரென்று தோன்றினால் சிப்பாய்க்கு அரை நொடிதான் அவகாசம், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சண்டை ஓய்ந்த பிறகு? யாரை மீட்க வந்தார்களோ அவரோடு சேர்ந்து பிடிபட்ட மனிதரின் உடலை எடுத்து ஹெலிகாப்டரில் வைக்க ஏன் கை வரவில்லை? காபூல் பத்திரிகையாளர்கள் அவர் கல்லறையில் மலர்வளையம் வைத்துவிட்டு இதையேதான் கேட்டார்கள். தாலிபான்களையும் கண்டித்தார்கள், மீட்கப் போன படையையும் கண்டித்தார்கள். உயிரோடு இருப்பவரை மீட்பதில் பிழை நேரலாம். செத்தவரை விட்டுவிட்டு வந்தது பிழையல்ல, அது ஒரு முடிவு. அவர் யாருடைய ஆளும் இல்லை என்று யாரோ நினைத்ததால் எடுத்த முடிவு.

இந்த வரிசை இந்த மூன்று பேரோடு நிற்கவில்லை. 2006 ஜனவரியில் பாக்தாதில் அமெரிக்க நிருபர் ஜில் கரோல் கடத்தப்பட்டார். மார்ச் கடைசியில் விடுதலையானபோது உலகமே மூச்சு விட்டது. அவருடைய மொழிபெயர்ப்பாளர் ஆலன் என்வியாவைக் கடத்திய அன்றைக்கே சுட்டுக் கொன்றிருந்தார்கள். 2011 மார்ச்சில் லிபியாவின் அஜ்தாபியா அருகே நியூயார்க் டைம்ஸ் ஆட்கள் நான்கு பேர் கடாஃபி படையிடம் சிக்கினார்கள். அதில் ஃபாரலும் ஒருவர், மூன்றாவது முறையாக. ஆறு நாளில் நால்வரும் வெளியே வந்தார்கள். வண்டி ஓட்டிய இளைஞர் முகமது ஷக்லூஃப் திரும்பவேயில்லை. வெளியே வந்த நால்வரும் சேர்ந்து எழுதிய கட்டுரையில் ஒன்றை மறைக்காமல் சொன்னார்கள்: முகமது செத்திருந்தால், நாங்கள் தவறாக எடுத்த முடிவுகளால் ஒரு அப்பாவி செத்தார் என்ற பாரத்தை வாழ்நாள் முழுக்கச் சுமக்க வேண்டும் என்று. அந்த ஊரை விட்டு முன்கூட்டியே கிளம்பியிருக்கலாம், இன்னும் ஒரு பேட்டி, இன்னும் ஒரு படம் என்று நேரம் போய்விட்டது. இப்படி வெளிப்படையாக எழுதியதற்காக அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு.

எல்லாக் கதையும் இப்படி முடிந்துவிடவில்லை. நியூயார்க் டைம்ஸ் நிருபர் டேவிட் ரோட், ஆப்கான் பத்திரிகையாளர் தாஹிர் லுதீன், ஓட்டுநர் அசதுல்லா மங்கல் ஆகிய மூவரையும் 2008 நவம்பரில் காபூலுக்குத் தெற்கே லோகர் மாகாணத்தில் கடத்தினார்கள். எல்லை தாண்டிப் பாகிஸ்தானின் வசிரிஸ்தான் பகுதிக்குக் கொண்டுபோய் ஏழு மாதம் வைத்திருந்தார்கள். விஷயம் வெளியே தெரிந்தால் விலை ஏறும், உயிருக்கும் ஆபத்து என்று அவர் பத்திரிகை மற்ற ஊடகங்களிடம் கேட்டுக்கொண்டு செய்தியை அடக்கி வைத்திருந்தது. விக்கிப்பீடியாவில்கூட அதைச் சேர்க்க விடாமல் பார்த்துக்கொண்டார்கள்.

2009 ஜூனில் அவர்கள் வடக்கு வசிரிஸ்தானின் மிரான்ஷா ஊரில் ஒரு வீட்டில் இருந்தார்கள். பக்கத்தில் பாகிஸ்தான் துணைப்படை முகாம் ஒன்று இருக்கிறது என்று தாஹிர் நோட்டம் பார்த்து வைத்திருந்தார். கார் இழுக்கிற கயிறு ஒன்று ரோடின் கண்ணில் பட்டது, அதை எடுத்து ஒளித்து வைத்தார். ஒரு இரவு காவலாளிகளோடு உட்கார்ந்து பலகை விளையாட்டு ஆடினார்கள். நேரம் கடந்து ஆடினால் அசந்து தூங்குவார்கள் என்று கணக்கு. மின்சாரம் வந்து, பழைய குளிரூட்டி போட்ட சத்தத்தில் காலடி ஓசை கேட்காமல் போனது. ரோட் முதலில் வெளியே வந்தார். தாஹிர் வரவில்லை, தூங்கிவிட்டாரோ என்று ஜன்னல் வழியே ஒரு மூங்கில் குச்சியை விட்டுக் குத்தி எழுப்பினார். இருவரும் மேலே ஏறி, கயிற்றைக் கட்டி, சுவருக்கு வெளியே இறங்கினார்கள். இறங்கும்போது தாஹிருக்குக் காலில் அடி. நொண்டிக்கொண்டே இருட்டில் நடந்தார்கள்.

முகாமின் அருகே போனதும் காவலுக்கு நின்றவர்கள் துப்பாக்கியை நீட்டினார்கள். நீண்ட தாடியும் உள்ளூர் உடையுமாக, நடு இரவில், தாலிபான்களின் கோட்டையில் இரண்டு பேர் வந்து நின்றால் தற்கொலைப் படை என்றுதானே நினைப்பார்கள். ரோடுக்கு அங்கே வாயைத் திறந்து எதையும் புரியவைக்க முடியாது. தாஹிர் பஷ்தோவில் பேசினார். நாங்கள் கடத்தப்பட்டவர்கள், தப்பி வந்திருக்கிறோம், இவர் ஒரு பத்திரிகையாளர் என்று பேசிப் பேசி அவர்களைச் சுட விடாமல் நிறுத்தினார். கடைசியில் உள்ளே விட்டார்கள். குண்டூஸில் ஃபாரலைக் காப்பாற்றியது அவருடைய ஆங்கிலம். இங்கே அமெரிக்கர் ஒருவரைக் காப்பாற்றியது கூடப் போனவரின் பஷ்தோ.

ஓட்டுநர் மங்கலிடம் அவர்கள் சொல்லாமல் கிளம்பினார்கள். அவர் காவலாளிகளோடு நெருக்கமாகிவிட்டார் என்ற சந்தேகம், சொன்னால் காரியம் கெட்டுவிடும் என்ற பயம். அவர் சில வாரம் கழித்துத் தானாகத் தப்பி வந்தார். நல்ல வேளை. வராமல் போயிருந்தால் இந்தக் கதையையும் நாம் நிம்மதியாகப் படித்திருக்க முடியாது.

இதற்கெல்லாம் என்ன வழி என்று கேட்டால், வெளிநாட்டு நிருபர்கள் போருக்குப் போகவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். குண்டூஸ் ஆற்றங்கரையில் செத்தது யார் என்று யாரோ போய்ப் பார்த்துத்தான் ஆக வேண்டும், முனாதியும் அதை நம்பித்தான் போனார். நான் கேட்பது சின்ன விஷயங்கள். நிருபருக்கு என்ன காப்பீடோ அதே காப்பீடு வண்டி ஓட்டுகிறவருக்கும் இருக்க வேண்டும். குண்டு துளைக்காத அங்கி ஒன்றுதான் இருக்கிறது என்றால் அந்த வேலைக்குப் போகவே வேண்டாம். இந்தச் சாலை வேண்டாம் என்று உள்ளூர் ஆள் சொன்னால் அதுதான் கடைசி வார்த்தை. பேரம் என்று உட்கார்ந்தால் வண்டியில் இருந்த அத்தனை பேருக்கும் சேர்த்துப் பேச வேண்டும். ஒருவரை மட்டும் எழுதிக்கொண்டு எழுந்து வரக் கூடாது. ஃபோலி, சாட்லாஃப் மரணங்களுக்குப் பிறகு 2015இல் பெரிய செய்தி நிறுவனங்கள் பலவும் சேர்ந்து, பகுதிநேரச் செய்தியாளர்களையும் உள்ளூர்ச் செய்தியாளர்களையும் தங்கள் சொந்த ஊழியர்களைப் போலவே நடத்துவோம் என்ற பாதுகாப்புக் கோட்பாடுகளில் கையெழுத்திட்டன. நல்ல எழுத்து. அதை நாள் சம்பளக்காரரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது யார் பொறுப்பு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

2021 ஆகஸ்ட்டில் காபூல் விழுந்தபோது அது தெரிந்தது. நியூயார்க் டைம்ஸ் தன் ஆப்கான் ஊழியர்களையும் குடும்பங்களையும் எப்படியோ வெளியே எடுத்து மெக்சிகோ வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. பாராட்ட வேண்டிய வேலை. ஆனால் சம்பளப் பட்டியலில் பெயர் இல்லாமல், எப்போதோ ஒரு வாரம், இரண்டு வாரம் யார் யாருக்கோ வண்டி ஓட்டி, மொழிபெயர்த்துப் பிழைத்தவர்கள் எத்தனையோ பேர். விமான நிலைய வாசலில் காட்ட அவர்களிடம் என்ன காகிதம் இருந்திருக்கும்?

தாஹிர் லுதீன் அதற்கு முன்பே அமெரிக்கா போய்க் குடியேறியிருந்தார். அவர் குடும்பம் விசாவுக்குக் காத்துக்கொண்டு காபூலில் இருந்தது. அந்த ஆகஸ்ட் மாதம் டேவிட் ரோட், தன் உயிரைக் காப்பாற்றிய மனிதரின் மனைவி மக்களை வெளியே கொண்டுவர முடியாமல் தவிப்பதை ஒரு கட்டுரையாக எழுதினார். புலிட்சர் பரிசு வாங்கியவர், வாஷிங்டனில் யார் தொலைபேசியை எடுப்பார் என்று தெரிந்தவர், தெரிந்த எல்லாரையும் அழைத்துப் பார்த்தார். அவர் எழுதிய அந்த நேரத்தில் அந்தக் குடும்பம் இன்னும் காபூலில்தான் இருந்தது.